ஏசிக்குக் காவல்

என் வீட்டுக்காரரைக் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்ற முடிவோடுதான் நான் திருச்சியில் விமானம் ஏறினேன். இரண்டு மாத விசா, சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன், வரும்போது பேரீச்சம்பழம் வாங்கி வருகிறேன் என்று தெருவில் சொன்னதெல்லாம் ஒப்புக்குச் சொன்னது.

பதினோரு வருடமாக அவர் ஷார்ஜாவில், நான் ராஜபாளையத்தில். வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். அதில் பத்து நாள் கல்யாணம், காதுகுத்து என்று போய்விடும். பத்து நாள் தூங்குவார். மிச்சம் பத்து நாளில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார். மாமியார் உடம்பு, மகள் தன்யாவின் படிப்பு, புது வீட்டு வேலை என்று ஏதாவது ஒரு காரணம் என்னை ஊரிலேயே கட்டிப்போட்டது. இப்போது மாமியார் இல்லை. வீடு கட்டி முடித்தாயிற்று. தன்யா பிளஸ் டூ எழுதிவிட்டாள், ஆகஸ்டில் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். அப்புறம் அத்தனை பெரிய வீட்டில் நானும் என் இரண்டு தையல் மிஷினும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு அதில் சம்மதமில்லை. சிமெண்ட் வியாபாரம் செய்யும் என் தம்பி விஜயபாஸ்கர், விருதுநகர் பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனியில் இவருக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். "மச்சான் வந்து நின்னாப் போதும்க்கா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான்.

நாங்கள் தங்கப் போன வீடு எங்களுடையது அல்ல. இவர் ஒரு பல்கலைக்கழகத்தில், கான்கிரீட்டைச் சோதிக்கும் லேபில் டெக்னீஷியன். அங்கே பேராசிரியராக இருக்கும் டாக்டர் ஜலஜா கோடைக்கு இரண்டரை மாதம் கனடாவுக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறார். அவர் வீடு முழுக்கப் புத்தகம். ஏசியை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் புத்தகமெல்லாம் பூசணம் பிடித்துவிடுமாம். ஓடவிட்டுப் போனால், நடுவில் நின்றுவிட்டால் பார்க்க ஆள் வேண்டுமாம். "நாகலிங்கம், நீங்க வந்து இருங்க. குடும்பத்தையும் வரச் சொல்லுங்க, வீடு சும்மாதானே கிடக்கு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஆகப் புத்தகத்துக்கு ஏசி, ஏசிக்குக் காவல் நாங்கள்.

விமான நிலையத்திலிருந்து டாக்சியில் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வழியெல்லாம் மணலும் கிடங்குகளும் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு ரவுண்டானாவில் வண்டி திரும்பியதும் வாயைப் பிளந்தேன். மணல் சட்டென்று நின்றுபோய்ப் புல் ஆரம்பித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. இரண்டு பக்கமும் பேரீச்ச மரங்கள், காய்க் குலைகளுக்கெல்லாம் வலைப் பை கட்டிவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு குவிமாடம், அப்புறம் இன்னொன்று, அதைத் தாண்டி அரண்மனை போல இன்னொன்று.

"ராசா வீடாங்க?"

"அது மருத்துவக் கல்லூரி."

"அந்தப் பெரிசு?"

"அது வேற யுனிவர்சிட்டி."

"அப்ப மனுசங்க எங்க இருக்காங்க?"

"இந்த ஊரே படிக்கிறதுக்குத்தான் உமா" என்றார். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. தானே மண் சுமந்து கட்டியது மாதிரி சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கல்லூரி என்றால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கருவேலங்காட்டு நடுவில் ஒரு கட்டடத்தை நிறுத்தி, வாசலில் ஆர்ச் வைத்துவிடுவார்கள். படிப்புக்காக ஒரு ஊரையே கட்டி, அதற்கு நீரூற்று வைத்து, பூச்செடி வைத்து, தினமும் துடைத்தும் வைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் டாக்சியில் பேசாமல் வந்தேன். தன்யா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பேராசிரியர்கள் வசிக்கும் தெருக்கள் பல்கலைக்கழகத்தின் மதிலுக்குள்ளேயே இருந்தன. மணல் நிறத்தில் மாடி வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் காகிதப்பூக் கொடி. சைக்கிள்களைப் பூட்டாமல் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் ஒரு கூரியர் பார்சல் நாங்கள் வந்த அன்றிலிருந்து ஆறு நாள் அப்படியே கிடந்தது. போகிற வருகிற பூனைகள்கூட முகர்ந்து பார்க்கவில்லை. ஹாரன் சத்தம் கிடையாது, டீக்கடை கிடையாது, சண்டை கிடையாது. ஒரு தெருவில் சண்டையே இல்லாமல் எப்படி இருக்கிறார்கள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஏசி ஓடும் சத்தம்தான் கேட்டது.

பகலில் வெளியே தலை காட்ட முடியாது. ஜூன் மாத வெயில் கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும். பொழுது சாய்ந்த பிறகு நானும் தன்யாவும் நடக்கக் கிளம்புவோம். அப்போது புல்தரை முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் பீச்சும். ஈர மண் வாசனை வரும். குவிமாடங்களுக்கு விளக்குப் போடுவார்கள். நான் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நின்று, அதே மாதிரி பார்த்தேன். ஒருநாளும் சலிக்கவில்லை. பாலைவனத்தில் இத்தனையையும் ஒருத்தர் நினைத்துப் பார்த்து, இன்னொருத்தர் வரைந்து, பல ஆயிரம் பேர் கட்டியிருக்கிறார்கள். அதை நினைத்தால் மனுசப் பிறவி மேலேயே எனக்கு மரியாதை வந்தது. புல் வெட்டுகிறவர்களைக் காலையில் கம்பெனி பஸ் வந்து இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் மத்தியான ஓய்வு நேரத்தில் மரத்தடியில் வரிசையாகப் படுத்துத் தூங்குவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஊர் என்னை அசர அடித்ததென்றால், வீட்டுக்குள் இருந்த மனிதர் என்னைத் திகைக்க வைத்தார்.

மூன்றாம் நாள் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால் பாட்டிலின் மேல் மார்க்கரில் 'நாகா' என்று எழுதியிருந்தது. தயிர் டப்பாவிலும் 'நாகா'. முட்டை அட்டையில் 'நாகா 12'.

"ஏங்க, இந்த வீட்டுல நம்ம மூணு பேருதான் இருக்கோம். யாரு திருடிக் குடிச்சிருவான்னு பேரு எழுதி வச்சிருக்கீங்க?"

அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். தான் எழுதியதுதான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "ரூம்ல ஆறு பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ். எழுதலைன்னா காலையில பால் இருக்காது. கை பழகிருச்சு" என்றார். தன்யா மார்க்கரை எடுத்து 'நாகா'வுக்குக் கீழே 'உமா, தன்யா' என்று எழுதி வைத்தாள்.

அது மட்டுமா? மூன்று குளியலறை உள்ள வீட்டில் காலை ஐந்தேகாலுக்குப் போய் ஐந்து இருபத்தைந்துக்கு வெளியே வந்துவிடுவார். சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டு, கை காய்வதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். அலமாரி முழுக்க இடம் இருக்க, அவர் சட்டையெல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஆறடிக் கட்டிலில் ஓரமாக, கையைக் காலைக் குறுக்கிக்கொண்டு, யாரையோ இடித்துவிடக் கூடாது என்பது போலப் படுப்பார். ஒருநாள் காலையில் துண்டு வேண்டி நான் குளியலறைக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து பதறிப்போய், "ஹோ கயா பாய், ஹோ கயா!" என்றார். ஆயிற்று அண்ணே, ஆயிற்று என்று அர்த்தமாம்.

கட்டின பெண்டாட்டியைப் பாய் என்று கூப்பிட்டதற்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்து அவரும் சிரித்தார். அப்புறம் அடுக்களையில் வெங்காயம் நறுக்கும்போது எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் கையில் இருந்தது வசதியாகப் போயிற்று.

இவரை இப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அன்றைக்கு என் முடிவு இன்னும் இறுகியது. சாயங்காலமே பேச்சை எடுத்தேன்.

"விஜயபாஸ்கர் வேலை பேசி வச்சிருக்கான். திரும்பிப் போகையில மூணு டிக்கெட்டாப் போட்டுருங்க."

"பாக்கலாம் உமா."

"என்னத்தைப் பாக்கலாம்? பதினோரு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம், போன்ல."

"அங்க என்ன வேலைன்னு கேட்டியா?"

"சிமெண்டைக் கலக்குறது, உடைக்கிறது. இங்க மட்டும் என்ன செய்றீங்க, வைரமா அறுக்குறீங்க?"

இரண்டு நாள் கழித்து, "வா, என்ன செய்றேன்னு வந்து பாரு" என்று எங்களை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

விமானத்தையே உள்ளே நிறுத்தலாம் போல அவ்வளவு பெரிய கூடம். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின். கோடை விடுமுறையிலும் நாலைந்து பேர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் உஸைர் என்ற ஒரு பையன், ஹைதராபாத் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஷார்ஜாவாம். ஒரு கான்கிரீட் உத்தரத்தை மிஷினில் வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். இவரைப் பார்த்ததும் "நாகா சார்!" என்று ஓடி வந்தான். இவர் உத்தரத்தைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, "முதல் விரிசல் இங்கே வரும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஃபிரிட்ஜில் பேர் எழுதிய மனிதரா இது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகு நிமிர்ந்திருந்தது. குரலில் அவசரமே இல்லை.

மிஷின் அழுத்த ஆரம்பித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சரியாக அந்த இடத்தில், மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. உஸைர் குதித்தான். என்னிடம் ஓடி வந்து ஆங்கிலத்தில் படபடவென்று என்னவோ சொன்னான்.

தன்யா எனக்குத் தமிழில் சொன்னாள். "அப்பா இல்லைன்னா இங்க யாரும் பாஸ் ஆக முடியாதாம்மா. எல்லாரோட தீசிஸ்லயும் அப்பா பேரு இருக்காம். லைப்ரரியில போய்ப் பாக்கச் சொல்றான்."

"அதெல்லாம் சும்மா, பசங்க மரியாதைக்குப் போடுறது" என்று இவர் மிஷினுக்குப் பின்னால் போய்விட்டார்.

மறுநாள் இவரை விடாமல் நச்சரித்து, அடையாள அட்டையைக் காட்ட வைத்து, நாங்கள் அந்த நூலகத்துக்குப் போனோம். குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று நான் மேலே பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். பளிங்குத் தரையில் செருப்புச் சத்தம் கேட்டு எனக்கே வெட்கமாகி, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். தன்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆய்வேடுகள் இரண்டாம் மாடியில், கறுப்பு அட்டை போட்டு வரிசையாக இருந்தன. இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தன்யா ஒன்றை உருவி, முன்பக்கம் பிரித்து, நன்றி சொல்லும் பக்கத்தில் விரலை ஓட்டினாள். முதலில் கடவுள். அப்புறம் அப்பா, அம்மா. அப்புறம் பேராசிரியர். நாலாவதாக என் புருசன்.

"அம்மா, இதைக் கேளு. 'என் முதல் தூண் கோணலாக வந்தபோது சிரிக்காமல் இருந்த திரு. நாகலிங்கத்துக்கு.'"

அடுத்ததை உருவினாள். "'என் தந்தை மருத்துவமனையில் இருந்த மூன்று வாரம், என் கான்கிரீட் கட்டிகளைத் தண்ணீர் மாற்றிப் பார்த்துக்கொண்ட நாகாவுக்கு.'"

அதற்கடுத்தது ஒரு பெண் எழுதியது. "'உன்னால் சிமெண்ட் மூட்டை தூக்க முடியாது என்று என்னிடம் சொல்லாத ஒரே மனிதருக்கு.'"

தன்யா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து எனக்குச் சொன்னாள். பத்தொன்பது ஏடுகள். சிரியாக்காரர், சூடான்காரர், பாகிஸ்தான்காரர், மலையாளி, இந்த ஊர்க்காரர். பதினோரு வருடமாக நான் போனில் "சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர் இங்கே பத்தொன்பது பேருக்கு, கடவுளிலிருந்து நாலாவது இடத்தில் இருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே கோபமும் வந்தது.

வெளியே வந்து கேட்டேன். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"இதைப் போய் போன்ல எப்பிடிச் சொல்றது? நீ கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேட்டுக்கிட்டிருப்ப. நடுவுல நான், என்னைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு சொல்லவா?"

அவர் சொன்னது நியாயம்தான். நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனிதரை இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போய் விருதுநகர் பைபாஸில் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தினால், யார் இவர் பெயரை எழுதுவார்கள்? சிமெண்ட் டீலரின் மச்சான் என்பார்கள். அதற்காக இங்கேயே விட்டுவிட்டுப் போனால், மறுபடியும் ஐந்தேகாலுக்குக் குளியல். தம்பி போன் செய்து "மச்சான் என்னக்கா சொல்றாரு?" என்றபோது "ஏசி சத்தத்துல ஒண்ணும் கேக்கலைடா" என்று வைத்துவிட்டேன்.

நாட்கள் ஓடின. இவரிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி வரை தூங்கினார், அதுவும் கட்டில் முழுக்கக் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு. சட்டைகள் பெட்டியிலிருந்து அலமாரிக்கு வந்தன. ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"நான் வந்துடறேன் உமா."

"எங்க?"

"ஊருக்கு. ராஜினாமா எழுதிட்டேன், பையில இருக்கு. திங்கக்கிழமை குடுத்துருவேன். இந்த ஒண்ணரை மாசம் இருந்துட்டு, மறுபடியும் அந்த ரூமுக்குப் போக என்னால முடியாது."

கேட்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்த வார்த்தை இதுதான். கேட்டாயிற்று. சந்தோசமே வரவில்லை. நூலகத்தில் இருந்த அந்தக் கறுப்பு அட்டைகள்தான் கண் முன்னால் வந்தன.

"சரி. குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு அந்த ரூமைக் காட்டுங்க."

"எதுக்கு? அதுல என்ன இருக்கு பாக்க?"

"பதினோரு வருசமா அந்த விலாசத்துக்கு ஊறுகாயும் முறுக்கும் குடுத்து விட்டிருக்கேன். எந்த இடத்துல வச்சுத் தின்னீங்கன்னு பாக்கணும்."

"வேண்டாம் உமா" என்றார். நான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூவரும் அந்த அறை இருக்கும் பக்கத்து ஊர் அஜ்மானுக்குப் போனோம். ஷார்ஜாவைத் தாண்டியதும் கட்டடங்கள் நெருங்கிக்கொண்டு வந்தன. பழைய டயர் கடைகள், சலூன்கள், பால்கனியெல்லாம் துணி. மூன்றாம் மாடியில் அவருடைய அறை. வீட்டுப் பெண்கள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்ததால் மற்ற ஐந்து பேரும் அறையைப் பெருக்கித் துடைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு, கீழே தெருவில் போய் நின்றுகொண்டார்கள். அந்த வெயிலில். பழனிச்சாமி என்ற பெரியவர் மட்டும் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள வா தங்கச்சி, டீ ஃபிளாஸ்க்குல இருக்கு. முகம்மது சித்தீக் போட்டு வச்சது" என்று சொல்லிவிட்டு அவரும் இறங்கிப் போனார்.

மூன்று ஈரடுக்குக் கட்டில்கள். நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஒரு திரை. "இதுதான்" என்று இவர் ஜன்னலோரத்துக் கீழ்க் கட்டிலைக் காட்டினார். காட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான் திரையை விலக்கினேன். ஒரு மெத்தை, ஒரு தலையணை, சின்ன ஃபேன், ஆணியில் மாட்டிய பை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் படுத்தேன்.

"அம்மா, என்ன பண்ற?" என்றாள் தன்யா.

என் முகத்துக்கு இரண்டடி மேலே மேல்கட்டிலின் பலகை. அதில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. எங்கள் ராஜபாளையம் வீட்டின் பிளான். கட்டும்போது இன்ஜினியர் கொடுத்ததன் நகல், ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அதில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தார். 'உமா மிஷின், இங்கே காலை வெளிச்சம் வரும்.' 'தன்யா மேஜை.' 'தன்யா புத்தகம்.' 'அம்மா கட்டில்' என்று எழுதி, மாமியார் போன பிறகு அதை அடித்து 'அம்மா போட்டோ' என்று மாற்றியிருந்தார். 'உமா கிரைண்டர், பிளக் உயரமாக.' தினமும் தூங்குவதற்கு முன்னால் இதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அந்த அரண்மனைகளிலிருந்து கிளம்பி, பஸ் பிடித்து வந்து, இந்தப் பெட்டிக்குள் நுழைந்து, இன்னொரு ஊரில் எனக்குக் காலை வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்திருக்கிறார். குவிமாடத்தைப் பார்த்தபோதுகூட நான் இப்படி வாயடைத்துப் போகவில்லை.

ஒவ்வொரு அறையாகப் படித்துக்கொண்டு வந்தேன். மொட்டை மாடி வரை போனேன். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

"ஏங்க, இங்க வாங்க. இதுல உங்க இடம் எங்க?"

அவர் குனிந்து திரைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த தாள்தான். விரல் கூடத்தைத் தொட்டது, படுக்கையறைக்குப் போனது, திண்டாடியது.

"எனக்குன்னு... அதை யோசிக்கலையே உமா" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். பலகையில் தலை இடித்தது. வலியைப் பார்க்க நேரமில்லை.

"அந்த லெட்டரை எங்கிட்டக் குடுங்க."

தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நீங்க எங்கயும் வர வேண்டாம். தன்யாவை ஹாஸ்டல்ல சேத்துட்டு நான் இங்க வாரேன்."

"இங்கயா? அப்ப வீடு? அந்த வீட்டுல ஒருநாளாச்சும் நிம்மதியா..."

"வீடு எங்கயும் ஓடிப் போகாது. அதுல உங்களுக்கு ஒரு இடமே இன்னும் போடலை. முதல்ல எங்கூட இருந்து பழகுங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து போவோம். அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்களுக்கு யாரு தூணை நிமித்துறது?"

அவர் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றினார். பாதி கீழே சிந்தியது.

நாங்கள் இறங்கி வந்தபோது ஐந்து பேரும் கடை நிழலில் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்கள். பழனிச்சாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்ன தங்கச்சி, எங்க ஆளைக் கூட்டிட்டுப் போகப் போறியாமே?"

"இல்லைண்ணே. எனக்கு இந்தப் பக்கத்துல ஒரு வீடு பாத்துக் குடுங்க. ஒத்தை ரூமு போதும். தையல் மிஷின் போடக் கொஞ்சம் இடமிருந்தாச் சரி."

இவர் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். "உமா, நல்லா யோசிச்சுக்கோ. இது அந்த யுனிவர்சிட்டி ஊர் மாதிரி கிடையாது. இந்தத் தெருவுல பாரு, ஒரு மரம்கூடக் கிடையாது."

"நான் என்ன, மரத்தோட குடித்தனம் பண்ணவா வாரேன்?"

மெதுவாகச் சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது? ஐந்து பேருக்கும் கேட்டுவிட்டது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, பெற்ற மகள் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டார். மணவறையைச் சுற்றும்போது பிடித்ததற்கு அப்புறம் நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.